பொன்னேடு பிறந்த கதை

மாஹிம் ரயில் நிலையத்தில் மேற்குப் பக்கம் வெளியே வந்தால் மக்தூம் அலி மாஹிமியின் தர்காவுக்குப் போகலாம். கிழக்குப் பக்கம் வந்தால் தாராவி. மக்தூம் மாஹிமி 1372 முதல் 1431 வரை வாழ்ந்தவர், குர்ஆனுக்கு அரபியில் விரிவுரை எழுதிய பெரிய அறிஞர். அவர் கைப்பட எழுதியது என்று மரபு சொல்லும் குர்ஆன் பிரதி ஒன்று தர்காவில் பாதுகாக்கப்படுகிறது. கிழக்கே உள்ள தாராவியோ, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் போட்ட தோல் ஷாப்புகளால் வளர்ந்த இடம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எழுத்து, இந்தப் பக்கம் தோல்.

மாஹிமி இங்கே எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், இத்தாலியில் எழுத்தையும் தோலையும் ஒன்றுசேர்த்து, அதன்மேல் பொன்னும் நீலமும் ஏற்றிப் புத்தகம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த மரபில் பிறந்த புத்தகம் ஒன்று மாஹிமிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில், கோட்டைப் பகுதியின் டவுன் ஹாலில், ஏஷியாட்டிக் சொசைட்டியின் காவலில் இருக்கிறது. இத்தாலியக் கவி தாந்தேயின் ‘டிவைன் காமெடி’ கையெழுத்துப் பிரதி அது. அதுபோன்ற ஒரு பொன்னேடு எப்படிப் பிறந்தது, அதில் யார் யாருக்குப் பங்கு என்பதுதான் இந்தக் கதை.

மடத்திலிருந்து கடைத்தெருவுக்கு

ஐரோப்பாவில் நெடுங்காலம் புத்தகம் எழுதுவது துறவிகளின் வேலையாகவே இருந்தது. மடத்துக்கு வேண்டியதை மடமே எழுதிக்கொண்டது. அந்த வேலை ஊருக்குள் வந்தது பல்கலைக்கழகங்களால். வட இத்தாலியில் உள்ள பொலோன்யா, சட்டப் படிப்புக்குப் பேர்போன நகரம்; அதன் பல்கலைக்கழகம் 1088இல் தோன்றியதாக மரபு. 13ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பாடநூல்கள் வேண்டும். ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பு நடுவில், அதைச் சுற்றி சட்ட அறிஞர் அக்கூர்சியோவின் உரை நான்கு ஓரமும் நெருக்கி எழுதப்பட்ட பெரிய பெரிய புத்தகங்கள். இத்தனை பேருக்கும் அதை யார் எழுதிக் கொடுப்பது?

அதற்கு அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வழி கெட்டிக்காரத்தனமானது. பிழை பார்த்துச் சரிசெய்த மூலப்பிரதியைத் தைக்காமல், தனித்தனிக் கட்டுகளாகப் பிரித்து, புத்தகக் கடைக்காரரிடம் வைத்தார்கள். மாணவரோ, அவர் அமர்த்திய எழுத்தரோ ஒரு கட்டை வாடகைக்கு எடுத்துப்போய்ப் படியெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, அடுத்த கட்டை வாங்கிக்கொள்ளலாம். ஒரே மூலத்திலிருந்து ஒரே நேரத்தில் பல பேர் பல பகுதிகளைப் படியெடுக்க முடிந்தது. மூலத்தில் பிழை இருக்கிறதா என்று பல்கலைக்கழகமே மேற்பார்த்தது.

இப்படித் தோல்தாள் விற்பவர், எழுத்தர், பொன் வைப்பவர், வண்ணம் தீட்டுபவர், தைத்து அட்டை கட்டுபவர் என்று ஒரு கடைத்தெருவே உருவானது. 1265 முதல் அந்த நகரம் ஒப்பந்தங்களை அரசுப் பதிவேட்டில் எழுதிவைத்தது. எழுத்தருக்கு என்ன கூலி, எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. பெண் எழுத்தர்களும் அந்தப் பதிவுகளில் வருகிறார்கள். பதிவேட்டில் இடைவெளி விட்டால் யாராவது புகுந்து எழுதிவிடுவார்கள் என்று குமாஸ்தாக்கள் அந்த இடங்களில் கவிதைகளை எழுதி நிரப்பினார்கள். 1287இல் அப்படி ஒரு குமாஸ்தா எழுதிவைத்த கவிதை, அப்போது இளைஞராக இருந்த தாந்தேயுடையது.

சட்டம் படிக்க வந்த பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் மட்டும் போதவில்லை, பகட்டும் வேண்டியிருந்தது. 1265இல் இறந்த ஓதோஃப்ரேதோ என்ற சட்ட ஆசிரியர் வகுப்பில் ஒரு கதை சொல்வாராம். தகப்பன் ஒருவர் மகனிடம், பாரிசோ பொலோன்யாவோ, எங்கே வேண்டுமானாலும் போய்ப் படி, வருஷத்துக்கு இவ்வளவு பணம் அனுப்புகிறேன் என்றாராம். மகன் பாரிசுக்குப் போனான். போய், வந்த பணத்தையெல்லாம் புத்தகங்களில் பொன்னெழுத்தும் குரங்குப் பொம்மைகளும் வரைய வைத்துத் தீர்த்தான். ஆசிரியர் குறைபட்டுக்கொண்டாலும், அப்படிச் செலவழித்த பிள்ளைகளால்தான் பொன் வைப்பவர்களின் அடுப்பு எரிந்தது.

முதலில் தோல்

பொன்னேட்டின் பிறப்பு ஆட்டுத் தொட்டியில் தொடங்குகிறது. இத்தாலியில் பெரும்பாலும் ஆட்டுத் தோல், உயர்ந்த வேலைக்குக் கன்றுத் தோல். சுண்ணாம்புத் தண்ணீரில் பல நாள் ஊறவைத்து, மயிரையும் சதையையும் சீவி எடுப்பார்கள். இதுவரை தாராவியின் பழைய தோல் ஷாப்புக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடக்கூடிய வேலை. அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது.

நம் ஷாப்புகளில் அடுத்து ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வரும். அந்தத் துவர்ப்பு தோலுக்குள் இறங்கித்தான் அது செருப்புக்கும் பைக்கும் ஆகிற பதனிட்ட தோலாகிறது. புத்தகத் தோலுக்குத் துவர்ப்பே கிடையாது. ஈரத்தோடு மரச்சட்டத்தில் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார்கள். காயக் காயக் கயிற்றை முறுக்கி இன்னும் இறுக்கிக்கொண்டே, பிறைவடிவக் கத்தியால் சுரண்டுவார்கள். இழுபட்டுக் காய்ந்த தோல் வெளுத்து, விறைத்து, தாளாகிவிடும். நுரைக்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினால் எழுதலாம். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சதைப் பக்கம் வெள்ளையாகவும் மயிர்ப் பக்கம் சற்று மஞ்சளாகவும்தான் இருக்கும். அதனால் புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே நிறமாக இருக்கும்படி மடித்துச் சேர்ப்பார்கள்.

பனையோலை விஷயத்தில் நம் முன்னோர்களுக்கு இருந்த சங்கடம் இங்கே புரியும். ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரியைத் தடவித் துடைக்கலாம். அகலமாகப் பரப்பி, தூரிகையால் தீட்டி, பொன் ஒட்ட ஓலையில் இடமில்லை. எனவே நம் சுவடிகளின் அலங்காரம் பெரும்பாலும் அவற்றை மூடும் மரச்சட்டங்களில் தங்கிவிட்டது. ஓலை சில நூறு ஆண்டுகளில் செல்லரித்துப்போகும், திரும்பத் திரும்பப் படியெடுத்தாக வேண்டும். நல்ல தோலேடு ஈரம் படாமல் இருந்தால் 700 ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே நிற்கும்.

மாசிக்காயும் அன்னபேதியும்

எழுத்தர் வரி போட்டு, இறகுப் பேனாவால் எழுதுவார். அவர் மை செய்த சரக்குகள் எல்லாம் இன்றும் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்: மாசிக்காய், அன்னபேதி, கருவேலம்பிசின். பச்சைப் பிள்ளைக்கு உரைமருந்து உரைத்த வீட்டில் மாசிக்காய் தெரியாமல் இருக்காது. அதன் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்தால் மை. எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கறுத்துத் தோலோடு பிடித்துக்கொள்ளும்.

அத்தியாயம் தொடங்கும் இடத்தில் எழுத்தர் முதலெழுத்தை எழுதாமல் சதுரமாக இடம் விட்டு, ஓரத்தில் பொடியாக ஓர் எழுத்தைக் குறித்து வைப்பார். அது பொன்வேலைக்காரருக்குச் சொல்லும் குறிப்பு. பல புத்தகங்களில் அந்த இடங்கள் கடைசிவரை வெற்றாகவே கிடக்கின்றன. பணம் போட்டவருக்கு நடுவில் கை வற்றியிருக்கும்.

மக்கும் ரேக்கும்

பொன்வேலைக்காரர் முதலில் கோட்டோவியம் போடுவார். வண்ணத்துக்கு முன் பொன். பொன்னைத் தேய்த்து மெருகேற்றும்போது பக்கத்தில் வண்ணம் இருந்தால் கெட்டுப்போகும், ஈரமான வண்ணத்தில் பொன்னும் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இந்த வரிசை மாறவே மாறாது.

சென்னினோ சென்னினி என்ற ஓவியர் 1400ஐ ஒட்டி எழுதிய கைந்நூலில் செய்முறை முழுக்க இருக்கிறது. நயமாக அரைத்த ஜிப்சம், கொஞ்சம் ஈய வெள்ளை, சிறிது சர்க்கரை, நிறத்துக்குச் செம்மண், எல்லாவற்றையும் முட்டையின் வெள்ளைக் கருவில் குழைக்க வேண்டும். அந்தக் குழம்பைப் பொன் வரும் இடத்தில் மேடாகத் தடவி, காய்ந்ததும் வழித்துச் சமனாக்க வேண்டும். தஞ்சாவூர் ஓவியம் செய்பவர்கள் சுக்கான் பொடியைப் பிசினில் குழைத்து மக்கு வைத்து அதன்மேல் ரேக்கு என்ற பொன்னிதழை ஒட்டுகிறார்களே, கிட்டத்தட்ட அதே வித்தை. இரண்டிலும் பொன்னைத் தூக்கிக் காட்டுவது அடியில் இருக்கும் மேடுதான். சர்க்கரை எதற்கு என்றால், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மேட்டின்மேல் வாயால் ஊதினால் மூச்சின் ஈரத்திலேயே பசை உயிர்பெறும், அந்தக் கணத்தில் ரேக்கை வைத்துவிட வேண்டும். பிறகு நாய்ப்பல்லாலோ மெருகுக்கல்லாலோ தேய்த்தால் ரேக்கு தகடுபோல மின்னும்.

ரேக்கு தங்கக் காசை அடித்துச் செய்தது. அந்தப் பொன்னில் பெரும்பங்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாலைவனம் தாண்டி வந்தது. ஒரு டுகாட் காசில் 145 ரேக்கு அடித்து ஏமாற்றுகிறார்கள், 100க்கு மேல் அடிக்கக் கூடாது என்கிறார் சென்னினி. மெலிந்த ரேக்கில் மெருகு நிற்காது. நுணுக்கமான கோடுகளுக்குப் பொன்னைப் பொடித்துப் பிசினில் கலந்து, கிளிஞ்சலில் வைத்துக்கொண்டு தூரிகையால் இழுப்பார்கள்.

கொல்லத்துச் சிவப்பு, பதக்‌ஷான் நீலம்

பொன்னுக்கு அடுத்து மதிப்பு நீலத்துக்கு. மலிவான நீலம் ஐரோப்பாவிலேயே கிடைத்தது. உயர்ந்த நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து வெனிஸ் துறைமுகம் வழியாக வந்த லாபிஸ் லசூலி கல்லிலிருந்து வந்தது. கல்லைப் பொடித்தால் மட்டும் நீலம் வராது, சாம்பல் நிறப் பொடிதான் மிஞ்சும். பொடியைப் பைன் பிசின், மாஸ்டிக், மெழுகு சேர்த்து மாவாகப் பிசைந்து, நாள்கணக்கில் வைத்து, சாம்பல் தண்ணீரில் கசக்க வேண்டும். முதலில் இறங்குவதுதான் தரமான நீலம், போகப் போக வெளிறும். எந்தத் தரத்து நீலம் போட வேண்டும் என்று பணம் கொடுப்பவர் ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பதுண்டு.

அதே பதக்‌ஷான் நீலம் தெற்கேயும் வந்தது. 15ஆம் நூற்றாண்டில் குஜராத்தின் ஜைன வணிகர்கள் எழுதவைத்த கல்பசூத்திரச் சுவடிகளில் பொன்மையும் இந்த நீலமும் சேர்ந்து மின்னுகின்றன. மாஹிம் அப்போது குஜராத் சுல்தான்களின் ஆட்சியில் இருந்த துறை. ஒரே மலையின் கல், ஒரு பக்கம் இத்தாலியக் கவிதைக்கும் மறு பக்கம் ஜைனர் வேதத்துக்கும் நிறம் கொடுத்திருக்கிறது.

சிவப்பின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். மாட்டுங்காவிலோ மாஹிமிலோ கேரள ஓட்டலில் உட்கார்ந்தால் இளஞ்சிவப்பாக ஒரு வெந்நீர் வைப்பார்களே, அது பதிமுகம் போட்டது. தமிழில் பதங்கம். அந்த மரத்தைச் சீவி, சாம்பல் தண்ணீரிலோ முட்டை வெள்ளையிலோ ஊறவைத்து, படிகாரம் சேர்த்தால் ரோஜா முதல் இரத்தச் சிவப்பு வரை வண்ணம் எடுக்கலாம். இத்தாலியச் சுவடிக்காரர்கள் அதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். ஃபிளாரன்ஸ் நகரின் பார்தி வங்கியில் வேலை பார்த்த பெகோலொத்தி, 1340ஐ ஒட்டி எழுதிய வியாபாரக் கைந்நூலில் இந்த மரத்தை ஊர்வாரியாகத் தரம் பிரிக்கிறார். அதில் ஒன்று கொல்லத்து மரம். மார்க்கோ போலோவும் கொல்லத்தைச் சொல்லும்போது இந்த மரத்தைச் சொல்லாமல் விடவில்லை. இதோடு இந்திய அவுரி நீலம் பாக்தாத் வழியாகவும், நம் அரக்குச் சிவப்பு அரபுக் கப்பல்களிலும் போய்ச் சேர்ந்தன.

1321

ஓவியர்களின் பேர் பெரும்பாலும் தெரியாத இந்தக் கலையில், இரண்டு பேரை நிரந்தரமாக்கியவர் தாந்தே. குப்பியோ ஊர்க்காரர் ஓதெரிசி, 1268 முதல் 1271 வரை பொலோன்யா ஆவணங்களில் வருகிறார். ‘டிவைன் காமெடி’யின் இரண்டாம் பகுதியில், செருக்குக்குத் தண்டனையாகப் பாறை சுமந்து குனிந்து நடப்பவர்களில் ஒருவராக அவரைத் தாந்தே நிறுத்துகிறார். தாந்தே புகழ ஆரம்பிக்கிறார். ஓதெரிசியோ, இப்போது பேர் பொலோன்யாவின் பிராங்கோவுக்குத்தான், எனக்கு அதில் ஒரு பங்குதான் என்கிறார். பொன் வைத்த ஏட்டில் எழுதப்படப்போகும் கவிதைக்குள்ளேயே பொன் வைப்பவரின் கர்வமும் அது அடங்கியதும் வந்துவிட்டது.

தாந்தே 1321 செப்டம்பரில் ரவென்னாவில் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில், மாஹிமுக்குக் கொஞ்சம் வடக்கே தானாவில், தொலெந்தீனோ ஊர்த் தோமாவும் சியன்னா ஊர்ப் பேதுருவும் உட்பட நான்கு பிரான்சிஸ்கன் துறவிகள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் போக வேண்டிய இடம் கொல்லம். காற்று கப்பலைத் தானாவில் கொண்டுவந்து சேர்த்தது. அவர்களோடு வந்து உயிர் பிழைத்த யோர்தானுஸ் 1329இல் கொல்லத்தின் ஆயராக நியமிக்கப்பட்டார். பதங்க மரம் போன வழியில்தான் இத்தாலியத் துறவிகளும் வந்தார்கள்.

தாந்தே தம் கையால் எழுதிய ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் காவியம் பரவிய வேகம் அசாதாரணமானது. லத்தீனில் அல்லாமல் மக்கள் மொழியில் எழுதப்பட்டதால் வணிகரும் குமாஸ்தாவும்கூட அதை வாங்கினார்கள். இன்று சுமார் 800 கையெழுத்துப் பிரதிகள் எஞ்சியுள்ளன. ஃபிளாரன்ஸில் பிரான்செஸ்கோ தி செர் நார்தோ என்ற எழுத்தர் 1337இல் எழுதிய பிரதி ஒன்று மிலானில் இருக்கிறது. அவர் நூறு பிரதிகள் எழுதி விற்றுத் தம் பெண்களுக்குச் சீர் கொடுத்துக் கட்டிக்கொடுத்தார் என்று ஒரு பழங்கதை உண்டு. நூறோ குறைவோ, அவர் பட்டறையில் ஒரு வடிவம் நிலைத்தது. பக்கத்துக்கு இரண்டு பத்தி, நரகம், கழுவாய், சொர்க்கம் என்ற மூன்று பகுதிகளின் தொடக்கத்தில் பொன் வைத்த மூன்று பெரிய முதலெழுத்துகள். பொலோன்யாவிலோ, 1349 முதல் 1403 வரை ஆவணங்களில் வரும் நிக்கோலோ என்ற ஓவியர் தம் வேலையில் துணிந்து கையெழுத்தே போட்டார்.

பம்பாய்க்கு வந்த ஏடு

1472 ஏப்ரலில் ஃபொலீன்யோ என்ற சிற்றூரில் ‘டிவைன் காமெடி’ முதன்முதலாக அச்சேறியது. அதன் பிறகு பொன்னேடு மெல்ல மெல்லப் பிரபுக்களின் ஆசைப்பொருளாகச் சுருங்கியது. அச்சு நம் கரைக்கும் வந்தது. தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் வெளிவந்த ஊர் எது தெரியுமா? அதே கொல்லம்தான். இத்தாலியக் கையெழுத்து ஏடுகளுக்குச் சிவப்பு அனுப்பிய துறைமுகம், தமிழைக் கையெழுத்திலிருந்து அச்சுக்கு மாற்றிய துறைமுகமாகவும் ஆனது.

பம்பாயில் சர் ஜேம்ஸ் மெக்கின்டாஷ் 1804இல் தொடங்கிய இலக்கியச் சங்கமே இன்றைய ஏஷியாட்டிக் சொசைட்டி. 1819 முதல் 1827 வரை பம்பாய் கவர்னராக இருந்த மவுண்ட்ஸ்டுவர்ட் எல்பின்ஸ்டன் கொடுத்த நன்கொடையாகத் தாந்தே சுவடி அதன் கைக்கு வந்தது. 1930களில் முசோலினி இதற்குப் பத்து லட்சம் பவுண்டு தருவதாகக் கேட்டார், சங்கம் மறுத்துவிட்டது என்ற கதை இந்த நகரத்தில் எல்லோரும் சொல்வது. அது நடந்ததோ, நடந்ததாகச் சொல்லிச் சொல்லி வளர்ந்ததோ, மறுத்தது சரி என்பதே என் தீர்ப்பு.

மொழி இத்தாலியுடையது, கை இத்தாலியுடையது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மரபில் பிறந்த பொன்னேடுகளில் ஆப்பிரிக்காவின் பொன் இருக்கிறது, பதக்‌ஷானின் நீலம் இருக்கிறது, கொல்லத்தின் சிவப்பு இருக்கிறது. பேர் தெரியாத தோல்காரரும், மாசிக்காய் பறித்தவரும், பதங்கம் வெட்டியவரும் சேராமல் ஓதெரிசியோ நிக்கோலோவோ ஒரு பக்கத்தைக்கூட முடித்திருக்க முடியாது. அப்படிப்பட்ட பொருளுக்குப் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டிய பம்பாய் பொருந்தாத வீடு அல்ல.

சொசைட்டி தன் அரிய சுவடிகளை எப்போதாவது காட்சிக்கு வைக்கிறது. அப்படி அறிவிப்பு வரும்போது தாராவி, மாஹிம், மாட்டுங்கா, செம்பூர்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். டவுன் ஹாலின் அகலமான படிகளைப் பார்த்து இது நமக்கான இடமில்லை என்று தயங்கித் திரும்ப வேண்டாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது பொன்னும் கவிதையும் மட்டும் இல்லை, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய ஒரு தோலும்தான் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அந்த வேலையின் முதல் பாதி அவர்களுடைய தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரியும்.